டெண்டர் படிவத்தைக் கண்டு மிரள வேண்டாம்!

மத்திய அரசு டெண்டரில் இறங்க நினைக்கும் சிறுதொழில் செய்வோர் அறிய வேண்டிய சொற்கள்:

● உத்யம் பதிவு: குறு, சிறு நிறுவனம் என்பதற்கான அத்தாட்சி. இணையத்தில் இலவசம்; தரகருக்குப் பணம் அழாதீர்கள்.

● இ.எம்.டி.: பாதியில் பின்வாங்க மாட்டோம் என்பதற்கு ஈடாகக் கட்டும் தொகை. உற்பத்தி, சேவையில் உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. உத்யம் சான்றை இணைக்க மறக்காதீர்கள்.

● இரண்டு கவர் முறை: முதல் கவரில் தகுதி ஆவணங்கள், இரண்டாவதில் விலை. மாற்றி வைத்தால் டெண்டர் தள்ளுபடிதான்.

● எல்-1: தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை போட்டவர். அவர் பெரிய நிறுவனமாக இருந்து, உங்கள் விலை 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அவர் விலைக்கே இறங்கிவந்து, பிரித்துத் தரக்கூடிய ஆர்டரில் ஒரு பங்கைப் பெறலாம்.

● செக்யூரிட்டி டெபாசிட்: ஆர்டர் கிடைத்தபின் கட்டுவது. இ.எம்.டி. விலக்கு இதற்குப் பொருந்தாது.

● எல்.டி.: தாமதத்துக்கான பிடித்தம். வாரத்துக்கு எத்தனை சதவீதம், உச்சவரம்பு எவ்வளவு என்று பார்த்தபின் விலை போடுங்கள்.

● 45 நாள்: குறு, சிறு நிறுவனங்களுக்கு அதற்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் கூட்டுவட்டி கேட்கலாம்.