பன்னிரண்டு புள்ளிகளில் ஒரு மனிதன்

இருட்டறையில் கறுப்பு உடை அணிந்த ஒருவர் நிற்கிறார். அவருடைய தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் மட்டும் பன்னிரண்டு சிறு விளக்குகள். பார்ப்பவருக்குச் சிதறிய புள்ளிகளே தெரிகின்றன. அவர் நடக்கத் தொடங்கியதும், "யாரோ நடக்கிறார்கள்!" என்று எவரும் சொல்லிவிடுவர். சுவீடனிலுள்ள உப்சாலா பல்கலைக்கழகத்தின் குன்னார் யோகான்சன் 1973இல் இத்தகைய சோதனைகளை வெளியிட்டார். 0.2 வினாடி காட்டினாலே போதும் என்று 1976இல் கண்டார்.

உயிரற்ற பொருள் எப்படி நகர்கிறது? மிதிவண்டிச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு விளக்கைக் கட்டி இருட்டில் உருட்டுங்கள். அது வளைவு வளைவாகத் தாவிச் செல்லும். மையத்திலும் ஒரு விளக்கை வைத்தால் சக்கரம் உருள்வது புலப்படும். இரு விளக்குகளுக்கும் இடையே உள்ள தூரம் மாறுவதில்லை. திடப்பொருளின் எந்த இரு புள்ளிகளுக்கும் இது பொருந்தும். நடப்பவரிடமோ முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் உள்ள தூரம் மாறாது. முழங்கால் மடங்குவதால் இடுப்புக்கும் கணுக்காலுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

இதுவே முழு விளக்கம் என்றால், படத்தைத் தலைகீழாக ஓட்டினாலும் மனிதன் எளிதில் தெரிய வேண்டும். தூரங்கள் அப்படியேதானே உள்ளன? ஆனால் பார்ப்பவர்கள் தடுமாறுகிறார்கள். கனடாவில் பணியாற்றிய நிகோலாஸ் ட்ரோயெயும் அவருடைய சகாவும் 2006இல் புள்ளிகளை இடம் மாற்றிக் கலைத்துக் காட்டினர். உருவம் சிதைந்த பிறகும், நடை எத்திசையில் என்பதைப் பலர் சரியாகச் சொன்னார்கள். பாதப் புள்ளிகளைத் தலைகீழாக்கியதும் அந்தத் திறன் போய்விட்டது. தூக்கிய பாதம் புவியீர்ப்பால் இறங்கும் விதத்தை மூளை எதிர்பார்க்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எனக்கு இதுவே மிகவும் பிடித்த பகுதி. மூளைக்குள்ளும் நியூட்டன் புகுந்துவிடுகிறார்!

இது பழக்கத்தால் மட்டும் வருவதன்று. இத்தாலியில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், பிறந்து இரண்டே நாளான குழந்தைகள், கோழியின் நடையைக் காட்டிய புள்ளிகளையே அதிக நேரம் பார்த்தன. கோழியை அவை கண்டதே இல்லை!

இரவில் சாலையோரம் நடப்பவருக்கு இதனால் உயிரே தப்பலாம். மார்பில் மட்டும் ஒளிரும் பட்டை அணிந்தால், ஓட்டுநருக்கு ஏதோ மின்னுவது தெரியும். அது கம்பமா, மனிதனா? பட்டைகளைக் கணுக்காலிலும் முழங்காலிலும் மற்ற மூட்டுகளிலும் கட்டியபோது ஓட்டுநர்கள் வெகு தொலைவிலேயே மனிதனென அறிந்துகொண்டதை ஆஸ்திரேலிய, அமெரிக்கச் சோதனைகள் காட்டின. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஒரு வினாடி முன்னதாக அறிந்தால் அந்த 17 மீட்டரும் பிரேக் போடக் கிடைக்கும். அசையாமல் நிற்பவருக்கு மட்டும் இந்தப் பயன் குறைவு; புள்ளிகள் நடக்க வேண்டுமல்லவா?