ஐம்பது இருக்கைகளும் நூற்றைம்பது மாணவர்களும்

(இளம் அறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. பந்தியில் முந்துவதை யாரும் குற்றம் என்று கூறுவதில்லை. முந்துகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகிறார்களா என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும்போது இந்தக் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. பேருந்து ஒன்று, இருக்கைகள் ஐம்பது, வர விரும்புவோர் நூற்றைம்பது பேர். யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது? கணிதம் பயில்கிறவன் என்ற முறையில் இதைச் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

நான் கல்வராயன் மலையைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நானே. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை எங்களுடையது. சாமை, மரவள்ளி, கடுக்காய் இவற்றை நம்பியே எங்கள் ஊர்கள் வாழ்கின்றன. இந்த வருமானம் போதாதபோது பெற்றோர் வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் கூலி வேலை தேடிப் போவதும் உண்டு. கீழே சமவெளியில் ஒரு பள்ளியில் விடுதியில் தங்கி நான் படித்தேன். அங்கு மேல் வகுப்புகளில் ஏறத்தாழ 150 பேர். அவர்களில் 60 பேர் என்னைப் போன்ற மலைப் பிள்ளைகள். ஓர் ஆண்டு சென்னைக்குச் சுற்றுலா என்று திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்தார்கள். கோட்டூர்புரத்துக் கோளரங்கம், வண்டலூர் உயிரியல் பூங்கா, மாமல்லபுரம் என்று பட்டியல் நீண்டது. முதலில் பணம் கட்டும் 50 பேருக்கு இடம் என்றார்கள். செவ்வாய் நண்பகலுக்குள் பட்டியல் நிறைந்துவிட்டது. விடுதிப் பிள்ளைகள் பெற்றோரைக் காண்பதே வாரக் கடைசியில்தான். வெள்ளிமலைப் பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போய்ச் செய்தி சொல்லி, அவர்கள் யாரிடமாவது கைமாற்று வாங்கித் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஐம்பதில் மலைப் பிள்ளை ஒருவர்கூட இல்லை.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை அழுத்தமாகக் கூற விரும்புகிறேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த விதி தந்த விளைவைக் கணிதம் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். 150 பெயர்களைக் குடத்திலிட்டு 50 சீட்டு எடுத்திருந்தால், மலைப் பிள்ளைகள் சராசரியாக 20 பேர் வந்திருக்க வேண்டும். ஒருவர்கூட வராமற் போக நிகழ்தகவு என்ன? முதற் சீட்டு மலைப் பிள்ளையுடையதாக இல்லாதிருக்க வாய்ப்பு 90/150. அடுத்த சீட்டுக்கு 89/149. இப்படி 41/101 வரை ஐம்பது பின்னங்களைப் பெருக்க வேண்டும். முதற் பின்னமே ஐந்தில் மூன்று. பின்வருபவை எல்லாம் அதனினும் சிறியவை. ஆகவே விடை, ஐந்தில் மூன்றை ஐம்பது முறை பெருக்கி வரும் எண்ணைவிடக் குறைவு. அந்த எண் இலட்சம் கோடியில் ஏறத்தாழ எட்டுப் பங்கு! அதாவது தற்செயலாக இப்படி நடக்க வழியே இல்லை. 'முந்தியவருக்கு முதலிடம்' என்ற விதி, தன் வாயால் சொல்லாமலேயே, பணம் கையில் இருப்பவர் யார், வீடு அருகில் இருப்பவர் யார் என்று பார்த்து ஆள் பொறுக்கியிருக்கிறது.

சரி, வேறு வழிகள் என்ன? மதிப்பெண் வரிசைப்படி அழைத்துச் செல்லலாம் என்பர் சிலர். போட்டியில் வென்றவருக்குப் பரிசாகப் பயணம் அளிப்பது என்றால் அது பொருந்தும். தமிழக அரசுப் பள்ளி மாணவர்கள் போட்டிகளில் வென்று 2022ஆம் ஆண்டில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கல்விப் பயணம் சென்றுவந்தது அத்தகையது. பரிசு என்று முன்கூட்டியே அறிவித்து, எல்லோரும் போட்டியிட்ட பின் கொடுத்தார்கள். ஆனால் பள்ளிச் சுற்றுலா பாடத்தின் ஒரு பகுதி. கோளரங்கத்தைப் பார்த்து வானியலில் ஆர்வம் கொள்ள வேண்டியவன் ஏற்கெனவே தொண்ணூறு வாங்குகிறவன் மட்டும்தானா? முப்பத்தைந்துக்குத் திண்டாடுகிறவனுக்கு அது இன்னும் அதிகமாகவே தேவைப்படலாம்.

வறியவர்களை முதலில் அழைத்துச் செல்லலாம் என்பது இரக்கமுள்ளவர்கள் சொல்லும் வழி. எனக்கு இதில் ஓர் அச்சம் உண்டு. வறுமையை நிறுவ வேண்டுமே! 'யார் யார் வீட்டில் வசதி இல்லை, எழுந்து நில்லுங்கள்' என்று வகுப்பில் கேட்கப்பட்டதுண்டு. எழுந்து நின்றவர்களுக்கு அதன் சுவை தெரியும். சுற்றுலாவே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

ஆகவே குலுக்கல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. குலுக்கல் என்றதும் அதிர்ஷ்டப் பரிசுச் சீட்டு நினைவுக்கு வந்து சிலர் முகம் சுளிக்கலாம். ஆயினும் நம் நாட்டில் முக்கியமான பல காரியங்களை இம்முறைதான் நடத்துகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையில் தேர்வு செய்கிறார்கள். பொறியியல் சேர்க்கையில் இருவர் எல்லாவற்றிலும் சமமாக நின்றுவிட்டால், சமவாய்ப்பு எண் முந்தியவரைத் தீர்மானிக்கிறது.

இதற்கெல்லாம் மூத்த சான்று காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை நுணுக்கமாக விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டி, முப்பது கட்டுகளையும் குடத்தில் இட்டனர். சபையார் அனைவரும் கூடியிருக்க, வயதில் மூத்த நம்பியார் ஒருவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். வேறுபாடு அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு வெறுங்குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை மறைத்து வைத்திருக்கக் கூடாதல்லவா! பிறகு அவர் உரக்கப் படிக்க, அங்குள்ள நம்பியார்களும் படிப்பார்கள். இப்படிக் குடும்புக்கு ஒருவராக முப்பது பேர். ஓராண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர்.

இக்கல்வெட்டை மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைகளில் புகழ்வதைக் கேட்டிருக்கிறோம். புகழட்டும். ஆனால் குடத்துக்குள் யாருடைய பெயர் போனது என்பதையும் அதே கல்வெட்டே சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும், 35க்கு மேல் 70க்குட்பட்ட வயதும் உள்ள ஆடவர் பெயர்கள் மட்டுமே போயின. உழுதவர் பெயரும் பெண்கள் பெயரும் அக்குடத்தில் இல்லை. குடத்தைக் குலுக்குவதில் அத்தனை நேர்மை காட்டியவர்கள், குடத்தின் வாயைக் குறுகலாக வைத்துவிட்டார்கள். நம் சுற்றுலாவிலும் இதுவே ஆபத்து. 'பணம் கட்டியவர்கள் பெயரை மட்டும் குலுக்குவோம்' என்றால் நாமும் அதையே செய்கிறோம். முதலில் குலுக்க வேண்டும். இடம் கிடைத்தவர் கட்டுவதற்குத் தவணையும் காலமும் கொடுக்க வேண்டும். முடியாதவருக்குப் பொதுநிதியிலிருந்து, பெயர் வெளியே தெரியாமல், கட்டிவிட வேண்டும்.

அக்கல்வெட்டில் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு விதி. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. இதன் பயனைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கிறது. அதே 150 மாணவர்கள் மூன்று ஆண்டு படிக்கிறார்கள், ஆண்டுக்கு 50 இடம் என்று கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் 150 பெயரையும் புதிதாகக் குலுக்கினால், ஒருவருக்கு ஓர் ஆண்டில் இடம் கிடைக்காமற்போக வாய்ப்பு 2/3. மூன்று ஆண்டும் கிடைக்காமற்போக 2/3 × 2/3 × 2/3 = 8/27. அதாவது 150 பேரில் சுமார் 44 பேர் ஒருமுறைகூடப் போகாமலேயே பள்ளியை விட்டுப் போவார்கள். மூன்று முறையும் போகிறவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். குலுக்கல் நேர்மையானதே, விளைவு மனத்துக்கு ஒப்பவில்லை.

போனவர் பெயரை நீக்கிவிட்டால்? முதலாண்டு வாய்ப்பு 1/3. இரண்டாம் ஆண்டில் மீதி 100 பேரில் 50 பேர். மூன்றாம் ஆண்டில் மீதி 50 பேரும். மூன்று ஆண்டுகளில் 150 பேரும் ஒருமுறை போய்விடுகிறார்கள். தொடக்கத்தில் நின்று பார்த்தால் எந்த ஆண்டில் போவோம் என்பதற்கும் சமவாய்ப்பே. முதலாண்டு தவறி இரண்டாம் ஆண்டு கிடைக்க 2/3 × 1/2 = 1/3; மூன்றாம் ஆண்டுக்கும் எஞ்சுவது 1/3.

இதை அறிய நிகழ்தகவுப் புத்தகம் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் நடத்தும் குலுக்குச் சீட்டு இதுதானே! மாதம் ஒரு பெயர் விழும்; விழுந்த பெயரை எடுத்துவிடுவார்கள்; கடைசி மாதத்துக்குள் எல்லோர் கைக்கும் பணம் வந்துவிடும். கணக்கு எழுதத் தெரியாத என் தாயார், 'எடுத்தவ பேரு மறுபடி எதுக்குடா உள்ள போவுது?' என்று ஒரே வரியில் நான் மேலே பெருக்கியதை முடித்துவிட்டார். முந்திப் பணம் கட்டுகிறவருக்கே இடம் என்பது ஏலச்சீட்டைப் போன்றது. அங்கே அவசரமும் பணமும் பேசும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் மலையூர்ப் பெற்றோருக்கு நன்கு தெரியும். 'அந்தப் பிள்ளை வந்தால்தான் எங்கள் பிள்ளையை அனுப்புவோம்' என்பார்கள், பெண் குழந்தைகள் விஷயத்தில் குறிப்பாக. கரியாலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இரண்டு பெண்கள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனிச் சீட்டாக இட்டால் இருவருக்கும் சேர்ந்து இடம் கிடைக்க வாய்ப்பு 50/150 × 49/149. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொன்று. ஒருத்திக்கு மட்டும் விழுந்தால் அவளும் போகப் போவதில்லை. இருவர் பெயரையும் ஒரே சீட்டில் எழுதிவிட்டால் வாய்ப்பு மூன்றில் ஒன்றை ஒட்டி வந்துவிடும்; பிறருடைய வாய்ப்பு ஏறக்குறைய மாறுவதில்லை. ஆனால் ஒரு சீட்டில் இருவர் அல்லது மூவர் என்று வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கும்பலே ஒரு சீட்டில் ஏறிப் பேருந்தை நிரப்பிவிடும்.

சீட்டைக் குலுக்குவதும் எளிய வேலையன்று. 1969 டிசம்பர் 1ஆம் நாள் அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு இளைஞர்களை எடுக்கப் பிறந்தநாள் குலுக்கல் நடத்தினார்கள். 366 நாட்களையும் சிறு குப்பிகளில் அடைத்து, ஜனவரி முதலாக மாதம் மாதமாகப் பெட்டியிலிட்டுக் கலந்தார்கள். கடைசியில் போடப்பட்ட டிசம்பர் சரியாகக் கலக்கவில்லை. முதல் 195 எண்கள் வரை போருக்கு அழைக்கப்பட்டன; டிசம்பரின் 31 நாட்களில் 26 நாட்கள் அந்த 195க்குள் விழுந்தன. சீராகக் கலந்திருந்தால் பதினாறு, பதினேழு நாட்களே எதிர்பார்க்கலாம். அரைகுறையாகக் குலுக்கியதற்கு டிசம்பரில் பிறந்தவர்கள் விலை கொடுத்தார்கள். மறு ஆண்டு நாட்களுக்கு ஓர் உருளையும் எண்களுக்கு ஓர் உருளையும் வைத்துத் திருத்தினர். வேறொரு குடத்தில் மாற்றிக் குலுக்கிய உத்திரமேரூரார் இதில் ஆயிரம் ஆண்டு முந்தியவர்கள்.

நம் துறை நண்பர்கள் சவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைக் காண யாருக்குத்தான் ஆசை இராது? அங்கும் ஒரு பேருந்துதான். பேராசிரியர்கள் இசைந்தால் இவ்வாறு செய்யலாம். வர விரும்பும் எல்லோர் பெயரையும், பணம் கேட்காமல், ஒரே அளவான தாளில் எழுதி ஒரே விதமாக மடித்துக் குடத்தில் இடுவோம். முன்பு துறைச் சுற்றுலாவில் போனவர் பெயரை நீக்கிவிடுவோம். இரண்டு குடங்களில் மாற்றி மாற்றிக் குலுக்குவோம். வெளித்துறை மாணவர் ஒருவர் எடுக்கட்டும். ஐம்பதோடு நிறுத்தாமல் கடைசிச் சீட்டு வரை எடுத்து வரிசை எண் இட வேண்டும். ஒருவர் வர இயலாதபோது 51ஆம் பெயர் தானே மேலேறும். யாரும் யாரிடமும் போய்க் கேட்டு நிற்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டி, பயணம் முடிந்து பேருந்து கள்ளக்குறிச்சி திரும்பும் நாள் வரை கிழிக்காமல் விட்டுவைக்க வேண்டும்.