முதல் பாய்மரப் படகு: எத்தனை அடி என்று கேட்கும் முன்

படகிலேயே குடியிருந்து, அதிலேயே கடலும் தாண்ட ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, 'எத்தனை அடிப் படகு வாங்கலாம்?' என்பதுதான். அந்தக் கேள்வியைச் சுற்றி வளர்ந்துவிட்ட சில நம்பிக்கைகள், நல்ல படகைக் கைவிடவும் மோசமான படகில் சேமிப்பைக் கொட்டவும் வைக்கின்றன.

நம்பிக்கை: 40 அடிக்குக் குறைந்தது பெருங்கடலுக்கு ஆகாது

எங்கும் நிற்காமல் தனியாளாக உலகை முதலில் சுற்றிவந்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். மும்பையில் தேக்கில் கட்டிய அவருடைய 'சுஹைலி' 32 அடிதான். 1968-69இல் 312 நாளில் சுற்றி முடித்தது. லின், லாரி பார்டி தம்பதி எஞ்சினே இல்லாத 24 அடி 'செராஃபின்' படகில் உலகம் சுற்றினார்கள். இந்தியக் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி, 2023இல் முடிந்த கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாமிடம் பிடித்தது 36 அடிப் படகில்.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்து, அயர்லாந்துக் கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயம் இதில் நல்ல பாடம். 303 படகுகள் புறப்பட்டன, நடுவழியில் புயல். பந்தயத்தை முடித்தவை 86 மட்டுமே. படகோட்டிகள் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் முடித்தது ஒரே ஒரு படகு: 'அசென்ட்' என்ற கான்டெஸ்ஸா 32. குறுகலான உடம்பு, மொத்த எடையில் ஏறக்குறைய பாதி, படகின் அடியில் நீண்டிருக்கும் கனத்த தகடான கீலில். அதே பந்தயத்தில், வேகத்துக்காக அகலமாகவும் இலேசாகவும் கட்டிய படகுகளில் சில, கவிழ்ந்த பிறகு சட்டென நிமிரவில்லை. தலைகீழாகவே நிலைத்து நிற்க அந்த அகலமே உதவிவிட்டது.

நீளத்துக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஒரே அலையில் பெரிய படகு கவிழும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் 'பெரிய படகானால் புயலை முந்திவிடலாம்' என்பது கணக்குக்கு நிற்காது. நீர்மட்டத்தில் 24 அடி நீளமுள்ள படகு அதிகபட்சம் ஆறரை நாட் (மணிக்கு ஆறரை கடல் மைல்) வேகம் போகும். 36 அடி உள்ளது எட்டு நாட். மணிக்கு 20, 30 கடல் மைல் நகரும் புயலுக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான். பெரிய படகின் பாயும் நங்கூரமும் பெரிது. அவற்றை இரவு இரண்டு மணிக்கு ஒற்றை ஆளாக அடக்க வேண்டியவர் நீங்கள்.

நம்பிக்கை: ஃபைபர் கிளாஸ் அழுகாது, பழையதை மலிவாக வாங்கலாம்

பாதி உண்மை. 1960, 70களில் கட்டிய பல படகுகளின் அடிப்புறம் இன்றும் கல்லாக இருக்கிறது. கேடு மேல்தளத்தில். அங்கே இரண்டு ஃபைபர் கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பெரும்பாலும் பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்திருப்பார்கள். ஓரத்துக் கைப்பிடிக் கம்பிகளின் திருகுத் துளை வழியே பல ஆண்டுகள் நீர் கசிந்தால் உள்மரம் ஊறிக் கூழாகிவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரெனச் சொல்லும். ஊறிய இடத்தில் சத்தம் செத்துப் 'பொத்'தென்று வரும். அங்கே காலை அழுத்தினால் தளம் இலேசாக அமுங்குவதும் உண்டு.

அடுத்து, பாய்மரத்தை நிறுத்தும் கம்பிவடங்கள் படகோடு சேரும் எஃகுப் பட்டைகள். துருப்பிடிக்காத எஃகு, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் படும்வரைதான் தன்னைக் காத்துக்கொள்ளும். அது தளத்துக்குள் நுழையும் இடுக்கில் உப்புநீர் தேங்கி, காற்று படாமல் போனால் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். ஒன்றையாவது கழற்றிக் காட்ட விற்பவர் சம்மதிக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பட்டை அறுந்தால் பாய்மரம் நடுக்கடலில் சாயும். கம்பிவடம், பாய், எஞ்சின் எல்லாவற்றையும் மாற்ற நேர்ந்தால் செலவு படகின் விலையையே தாண்டிவிடக்கூடும். படகைச் சோதித்துச் சொல்லும், விற்பவரைச் சாராத சர்வேயருக்குத் தரும் பணத்தில் தயவுசெய்து கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

நம்பிக்கை: முழுநீளக் கீல் இல்லாதது கடல் படகே அல்ல

மேலே சொன்ன கான்டெஸ்ஸாவுக்கு முழுநீளக் கீல் கிடையாது. கீல் படகோடு எப்படிப் பிணைந்திருக்கிறது, சுக்கானுக்கு முன்னால் தாங்கல் உண்டா என்று பாருங்கள்.

நம்பிக்கை: உள்ளே விசாலமாக இருந்தால் வாழ வசதி

துறைமுகத்தில் சரி. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடும்போது விசாலமான கூடத்தில் பிடிக்க ஒன்றுமில்லாமல் ஆள் எதிர்ச்சுவரில் மோதுவார். முன்முனையிலுள்ள அகன்ற மெத்தை, அலையில் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். படகின் நடுவில் குறுகலான படுக்கை, உருளாமல் தடுக்கும் துணி, கைக்கெட்டும் பிடிகள்: இவை இருக்கும் படகில்தான் தூக்கம் வரும்.

சிறிய படகின் உண்மையான குறை விசாலமின்மை அல்ல, அதிகச் சுமை ஏற்ற முடியாததுதான். கேனரித் தீவிலிருந்து கரீபியனுக்கு 2,700 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் 22, 23 நாள். தாமதமானால் என்று 30 நாளுக்கு, ஆளுக்கு நாலு லிட்டர் வீதம் இருவருக்கு 240 லிட்டர் தண்ணீர். அதுவே கால் டன். அரிசி, டீசல், நங்கூரச் சங்கிலி, கருவிகள் வேறு. படகைப் பார்க்கப் போகும்போது இந்தச் சுமைப் பட்டியலை எழுதிக் கையில் வைத்திருங்கள்; ஒவ்வொன்றும் எங்கே அடங்கும் என்று பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு விலை பேசலாம்.