உறையும் இசையும்

நுழையும்முன்

மூடி வைப்பது மட்டுமா உறையின் வேலை? உள்ளே இருப்பது எந்த மண்ணில் விளைந்தது, யார் கைப்பட்டது என்று சொல்வதும் அதன் வேலைதான். இசைத்தட்டின் உறை அவ்வேலையை எவ்வாறு கற்றது, எங்கே தடுமாறியது என்பதை இக்கட்டுரை பேசுகிறது.

உடன்குடிக் கருப்பட்டியைப் பொதிந்து வரும் ஓலைக் கொட்டானைப் பார்த்திருப்பீர்கள். பதநீர் தந்த பனையே பொதிவதற்கு ஓலையும் தருகிறது. காய்ச்சிய பாகு சிரட்டையில் வார்க்கப்பட்டு இறுகும். இறுகியது ஓலைக்குள் அடங்கும். கொட்டானின்மேல் எழுத்தில்லை, படமில்லை. ஆயினும் உள்ளே இருப்பது இன்னதென்று கண்ணும் மூக்கும் அறிந்துகொள்ளும். பண்டமும் உறையும் ஒரே மரத்தில் பிறந்தவை. பாட்டுக்கு அவ்வசதி இல்லை. காற்றில் பிறக்கும் ஒன்றுக்கு எந்த ஓலையை முடைவது?

தொடக்கத்தில் இக்கேள்வியை எவரும் பெரிதாக எண்ணவில்லை. அரக்குக் கலவையால் ஆன பழைய இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடியது. அதற்குப் பழுப்புத்தாள் உறை போதுமானதாயிருந்தது. உறையின் நடுவிலிருந்த வட்டத்துளை வழியே தட்டில் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் படிக்கலாம். நீண்ட இசைக்குத் தட்டுகள் பல தேவைப்பட்டன. அவற்றைப் புத்தகம்போல் கட்டிய அட்டைக்குள் செருகி விற்றனர். ஒளிப்படத் தொகுப்பேட்டை ஒத்திருந்ததால் அது ‘ஆல்பம்’ எனப்பட்டது. அட்டையும் தட்டும் மறைந்த பின்னரும் பாடல் தொகுப்பை நாம் அப்பெயராலேயே அழைக்கிறோம்.

அவ்வட்டைக்கு முகம் தந்தவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். 1940இல் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றியபோது அவருக்கு வயது 23. நியூயார்க் நாடக அரங்கு ஒன்றின் விளக்கொளிப் பலகையில் இசைத்தொகுப்பின் பெயரை எழுதச் செய்து, அதைப் படம்பிடித்து அட்டையில் அச்சிட்டார். 1948இல் அதே நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்குமேல் பாடிய அத்தட்டு 12 அங்குல அகலமுடையது. ஓவியருக்குச் சதுரமான ஒரு பெரிய பரப்பு கிடைத்தது.

அப்பரப்பை முழுதும் ஆண்டவர்கள் ராக் இசைக்குழுவினர். 1967இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ தொகுப்பின் அட்டையைப் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹேவொர்த்தும் வடிவமைத்தனர். அறிஞர், நடிகர், எழுத்தாளர் எனப் பலருடைய ஆளுயர அட்டை உருவங்களை நிறுத்தி, அவற்றின் முன்னே குழுவினர் நின்றனர். அக்கூட்டத்தில் பரமஹம்ச யோகானந்தர் உண்டு. காந்தியடிகளும் இருந்தார், ஆனால், இந்தியர் மனம் புண்படும் என அஞ்சிய இ.எம்.ஐ. நிறுவனத்தின் வற்புறுத்தலால் அவர் உருவம் நீக்கப்பட்டது. பின்னட்டையில் பாடல்வரிகள் முழுமையாக அச்சிடப்பட்டன. கேட்பவர் இனி வாசிப்பவராகவும் ஆனார்.

விசுவரூபத்தில் மூன்று முகங்கள்

அதே ஆண்டு திசம்பரில் இலண்டனில் வெளிவந்த இன்னோர் அட்டை நம்மை நெருக்கமாகத் தொடுகிறது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்கக் கருப்பினக் கித்தார் கலைஞர். அவருடைய ‘ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ தொகுப்பின் அட்டையில், திருமாலின் விசுவரூபத்தைக் காட்டும் அச்சுப்படம் ஒன்று எடுத்தாளப்பட்டது. பல தலைகள் சூழ, நடுவே ஹென்ட்ரிக்சின் முகமும் அவர் தோழர் இருவரின் முகங்களும் தீட்டப்பட்டன. வண்ணமும் விரிவும் கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹென்ட்ரிக்ஸ் மகிழவில்லை. தம் குடும்பத்தில் செரோக்கி பழங்குடி மரபு கலந்துள்ளது என்பதில் பெருமை கொண்டவர் அவர். அம்மரபே அட்டையில் தோன்ற வேண்டுமென விரும்பினார். ஆங்கிலத்தில் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் நம் நாட்டவருக்கும் ‘இண்டியன்’ என்பதே பெயர். கொலம்பசு செய்த பிழை, ஐந்நூறு ஆண்டுகளை எட்டும் வேளையில் ஓர் இசைத்தட்டின்மேல் மீண்டும் அச்சேறிற்று எனலாம்.

இத்தகைய படங்கள் நம் மாவட்டத்தார்க்குப் புதியன அல்ல. சென்னை ஓவியப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டி, கோவில்பட்டியில் நிலைகொண்டவர் சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் அவர்தம் மாணவரும் தீட்டிய தெய்வப்படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே நாட்காட்டிகளாகி வீடுதோறும் சென்றன. கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டி, பூச்சூட்டி, ஊதுவத்தி காட்டிய பிறகே வணிகத்தைத் தொடங்குவர். நம்மைப் பொறுத்தவரை அது வெறும் படமன்று. நம்மை நோக்கும் கண்களுடையது. அக்கண்கள் இருக்குமிடத்தில் வேறொருவர் முகத்தை வைக்கும்போது, நோக்குவோரும் நோக்கப்படுவோரும் மாறிவிடுகின்றனர். 2014இல் மலேசிய அரசு அவ்வட்டைப்படத்தைத் தடைசெய்தது. தடை தேவைதானா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் இசைத்தவரும் ஏற்காத, வழிபடுவோரும் ஏற்காத ஓர் உறை யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்காமல் இருக்க இயலவில்லை.

தமிழ்த் திரையிசைத்தட்டுகளின் சிக்கல் வேறு. முன்னட்டையில் நடிகர் முகமே பெரிது. இசையமைத்தவர் பெயர் ஓரத்தில் ஒதுங்கும். எனினும் பின்னட்டை நடுநிலை வழுவாதது. எந்தப் பாடலை எழுதியவர் யார், பாடியவர் யார் என்று வரிசையாகச் சொல்லும். ஒலிநாடா வந்தபோது அவ்விவரம் உள்ளங்கையளவு தாளில் எறும்பு எழுத்தாயிற்று. கைப்பேசியில் கட்டைவிரல் நக அளவுப் படம் எஞ்சியது. பாடலாசிரியர் பெயரைத் தேடித்தான் காணவேண்டும்.

உடன்குடிக் கருப்பட்டி இப்போது புவிசார் குறியீடு பெற்றுள்ளது. ஓலைக் கொட்டானோடு அட்டைப்பெட்டியும் வந்துவிட்டது. பெட்டியின்மேல் பனைமரம் வண்ணத்தில் நிற்கிறது. ஊர்ப்பெயர் இருக்கிறது, எடை இருக்கிறது, விலை இருக்கிறது. அம்மரத்தில் ஏறியவரின் பெயருக்குப் பெரும்பாலும் இடமில்லை.