மெயினை அணைத்த பிறகும் அடித்த கரண்ட்

வலது தோள் மூட்டு விலகி, இன்றுவரை அந்தக் கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க முடியவில்லை எனக்கு. "லைசென்ஸ் வச்சிருக்கிற ஆளுக்கே ஷாக்கா?" என்று கேட்டவர்களுக்கு வாயால் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இனி எழுத்தில் இருக்கட்டும்.

மின்கசிவு வந்தால் விழும் ஆர்சிசிபி மாட்டும் வேலை. டி.பி. பெட்டியில் மெயினை அணைத்தேன். வீட்டுக்காரரிடம் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். "அது பேட்டரி போய் ரொம்ப நாளாச்சுண்ணே, சும்மாதான் கிடக்குது" என்றார். பெட்டிக்குள் ஒவ்வொரு டெர்மினலிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். மெயினுக்கு வரும் கம்பியைத் தவிர எதிலும் விளக்கு எரியவில்லை. நியூட்ரல் கம்பிகள் எல்லாம் சேரும் நியூட்ரல் லிங்க்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு நியூட்ரல் கம்பியைக் கழற்றி மறு கையில் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, புழுக்கமாக இருக்கிறதென்று உள்ளே யாரோ ஃபேன் சுவிட்சைத் தட்டினார்கள். ஸ்டூலிலிருந்து தூக்கி எறியப்பட்டேன்.

நடந்தது இதுதான். பேட்டரி சாகவில்லை. சார்ஜ் நிற்காமல் பலவீனமாகியிருந்தது, அவ்வளவுதான். ஒரு ஃபேனைச் சில நிமிடம் ஓட்ட அது போதும். இன்வெர்ட்டர் மாட்டியவர் ஃபேஸ் கம்பியை டி.பி.க்குள் கொண்டுவராமல், பரணில் இருக்கும் இன்வெர்ட்டரிலிருந்து நேராக சுவிட்ச் போர்டுகளுக்கு இழுத்திருந்தார். நியூட்ரலை மட்டும் வீட்டின் பொது நியூட்ரலிலேயே விட்டுவிட்டார். அதனால் பெட்டிக்குள் எத்தனை முறை டெஸ்டர் வைத்தாலும் அந்த ஃபேஸ் அகப்படாது. ஃபேன் போட்டதும் கரண்ட் ஃபேன் வழியாக வந்து, என் கையிலிருந்த கம்பியில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கை வழியாக நியூட்ரல் லிங்க்குக்குப் போய், பரணுக்கே திரும்பியது.

"ரப்பர் செருப்பு போட்டிருந்தா தப்பிச்சிருப்பே" என்றார்கள். போட்டுத்தான் இருந்தேன். கைக்குக் கை பாய்கிற கரண்டுக்குக் காலில் என்ன வேலை? ஆர்சிசிபி முன்பே இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது. 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிந்தால்தான் அது விழும். இங்கே எதுவுமே தரைக்குப் போகவில்லை.

இப்போதெல்லாம் மெயினை அணைத்ததும் நான் செய்கிற முதல் வேலை, வீடு முழுக்க நடந்து எல்லா ஃபேனையும் லைட்டையும் போட்டுப் பார்ப்பது. ஒன்றே ஒன்று சுழன்றாலும் எரிந்தாலும் பெட்டியைத் தொடமாட்டேன். இன்வெர்ட்டர் கண்ணில் பட்டால், ஓடினாலும் ஓடாவிட்டாலும், முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியில் ஒரு கம்பியையும் கழற்றிவிடுவேன். பிளக்கை மட்டும் பிடுங்கினால், கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு அது பேட்டரிக்கு மாறிவிடும். கூரையில் சோலார் பலகை இருந்தால் அதற்கும் தனியாக ஐசொலேட்டர் இருக்கும். அதையும் தேடிப்பிடித்து அணைக்க வேண்டும். பத்து நிமிட வேலைக்கு அரைமணி நேரச் சோதனையா என்று முகம் சுளிக்கும் வீடுகளில் நான் வேலையே எடுப்பதில்லை.

மற்றவை தெரிந்தவைதான். மெயின் கீழே இருந்தாலும் அதற்கு வரும் கம்பியில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் மீட்டர் பக்கத்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையே அளக்க வேண்டும். நியூட்ரலையும் ஃபேஸ் மாதிரியே நினைத்துக் கையாளுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றியிருக்க வேண்டும். ஸ்குரூ டிரைவர் மட்டும் தெரிந்தவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. இன்வெர்ட்டர் மாட்ட வருபவரிடம், அது எங்கே இருக்கிறது, அதன் லைன் எந்தெந்த அறைக்குப் போகிறது என்று டி.பி. கதவின் உட்புறம் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு கூலியைக் கொடுங்கள்.