பெடல் சுத்துது, சைக்கிள் நகரலையா?



1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஓட்டப் பழகியாச்சு. ரிப்பேர் என்றால் மட்டும் இன்னும் வீட்டுக்காரரைத்தானே தேடுகிறோம்?

போன மழைக்காலத்தில் பால் கேனோடு போகும்போது மேட்டில் என் பெடல் சும்மா சுத்தியது. சைக்கிள் சாய்ந்து, பால் அத்தனையும் ரோட்டில். கடையில் செயினை மாற்றிக் காசு வாங்கினார்கள். மறுநாளும் அதே கதைதான். கோளாறு ப்ரீவீலில் இருந்திருக்கிறது.

பின் சக்கரத்தில் செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரம்தான் ப்ரீவீல். மிதிக்கும்போது உள்ளே இருக்கும் சின்னக் கொக்கிகள் பிடித்துச் சக்கரத்தை இழுக்கும். மிதிக்காதபோது 'டிக் டிக்' என்று நழுவும். சேறும் காய்ந்த கிரீசும் அடைத்தால் கொக்கி எழும்பாது.

எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பெடலை முன்னால் அமுக்குங்கள். செயின் ஓடியும் சக்கரம் இழுக்கவில்லை என்றால் ப்ரீவீல். 'டக் டக்' என்று செயின் பல்லைத் தாண்டிக் குதித்தால் செயினோ பல்லோ தேய்ந்திருக்கிறது. மிதிப்பதை நிறுத்தியும் பெடல் கூடவே சுத்தினால், ப்ரீவீல் இறுகிவிட்டது.

பிள்ளைகளின் அடிஸ்கேலைச் செயின்மேல் வையுங்கள். ஒரு ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் ஆணியின் நடுவரை, புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் மாற்றுங்கள். ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் பல்லும் தேய்ந்து, புதுச் செயினும் குதிக்கும். செலவு இரட்டிப்பு!

ப்ரீவீல் நழுவினால் சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப்போட்டு, இடுக்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சுத்துங்கள். அழுக்கு வந்ததும் துடைத்து, மெஷின் ஆயில் நாலு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும். கெட்டி கிரீசும் கூடாது. அப்படியும் நழுவினால் புதுசு மாற்றுவதே நல்லது. அதைக் கழற்ற தனிக் கருவி வேண்டும், கடைக்குத்தான் போகணும். பழைய ப்ரீவீலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான்.

செயினின் நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் அசையணும். தொளதொள என்றிருந்தால் பின் அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரம் கோணாமல் பின்னால் இழுத்து முறுக்குங்கள். செயின் லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கணும். மாற்றிப் போட்டால் வழியிலேயே கழன்றுவிடும்.

எஞ்சின் பொருத்திய சைக்கிளில் இரண்டு செயின் இருக்கும். பெடல் செயினில்தான் ப்ரீவீல். எஞ்சின் செயின் அடிக்கடி கழன்றால், இரண்டு பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா பாருங்கள். கிளட்ச் பிடிக்காமல் தள்ளினால் வண்டி இறுக்கமாகத்தான் வரும், அதற்கு ப்ரீவீலைத் திட்ட வேண்டாம். எஞ்சினை அணைக்காமல் செயினில் கை வைக்காதீர்கள். செயின் கவர் இல்லாத வண்டியில் சேலை முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு ஏறுங்கள்.