தம்பியிடமும் போக வேண்டுமா?

கேள்வி: எங்கள் காப்பித் தோட்ட எல்லையில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி யாருக்கு என்று எனக்கும் தம்பிக்கும் தகராறு. பேச்சே நின்றுவிட்டது. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். கடவுளோடு ஒப்புரவானால் போதாதா?
– வாசகர், ஏற்காடு

பதில்: போதாது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தில், ஒப்புரவுக்கு முதல் அடி எடுத்து வைப்பவர் கடவுளே என்கிறார் பவுல். கிறிஸ்து வழியாக அவரே இறங்கி வருகிறார். நாம் எதையும் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்துவதில்லை. ஆகவே உங்களுக்குக் கிடைத்த மன்னிப்பில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மத்தேயு 5-இல் இயேசு, காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறார். செய்த சேதத்தை ஈடுகட்ட வேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வியும் கேட்கிறது. தம்பி பக்கத்துக் கொடியில் பறித்திருந்தால், காய்ந்த மிளகின் விலையைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். நாலு செபத்தோடு தீருகிற விஷயமல்ல. (சர்வேயரைக் கூப்பிட்டு அளப்பது பாவமில்லை!)

தம்பி முகங்கொடுக்காவிட்டால்? ரோமர் 12-இல் பவுல், உங்களால் முடிந்தமட்டும் என்றுதான் வரம்பு வைக்கிறார். அடுத்த பறிப்புக்குள் போய்ப் பேசுங்கள். கையில் வக்கீல் நோட்டீஸ் மட்டும் வேண்டாம்.